ஓரங்கள் வெட்டப்பட்ட ‘2001: எ ஸ்பேஸ் ஒடிஸி’ குறித்த புகார்

பெறுநர்:
வாடிக்கையாளர் குறைதீர்ப்பு மேலாளர்,
இணையவழித் திரைப்பட விற்பனைப் பிரிவு.

பொருள்: ‘அசல் திரையரங்க வடிவம்’ என்று விற்கப்பட்ட படத்தில் உள்ள குறைகள் – முழுமையான பிரதி அல்லது செலுத்திய தொகை கோருதல் தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா / அம்மையீர்,

வணக்கம். ஸ்டான்லி குப்ரிக் இயக்கத்தில் 1968ஆம் ஆண்டு வெளிவந்த ‘2001: எ ஸ்பேஸ் ஒடிஸி’ திரைப்படத்தைத் தங்கள் தளத்தில் அண்மையில் விலைக்கு வாங்கினேன். ‘அசல் திரையரங்க வடிவம்’ என்று விற்பனைப் பக்கத்தில் குறிப்பிட்டிருந்ததை நம்பித்தான் வாங்கினேன். எனக்குக் கிடைத்ததோ இருபுறமும் வெட்டப்பட்டு, தொடக்கமும் இடைவேளையும் நீக்கப்பட்ட ஒரு பிரதி.

இப்படம் 65 மி.மீ. படச்சுருளில் எடுக்கப்பட்டு, 2.20:1 என்ற அகன்ற விகிதத்தில் திரையிடப்பட்டது. இன்றைய தொலைக்காட்சித் திரையின் 16:9 விகிதத்தை நிரப்புவதற்காகத் தாங்கள் படத்தைப் பெரிதாக்கியிருப்பதால், அதன் அகலத்தில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு காணாமல் போய்விட்டது. ஹால் 9000 என்ற கணினியின் காதில் விழாதபடி இரண்டு விண்வெளி வீரர்களும் சிறு கலத்துக்குள் அமர்ந்து பேசும் காட்சியில் இந்த இழப்பு அப்பட்டமாகத் தெரிகிறது. இருவரும் திரையின் இரு பக்கங்களில் எதிரெதிரே அமர்ந்திருக்க, நடுவிலுள்ள சாளரத்துக்கு அப்பால் ஹாலின் சிவப்புக் கண் தெரியும். ஒலி கேட்காவிட்டாலும் அது உதட்டசைவைப் படித்துக்கொண்டிருக்கிறது என்பது அடுத்து நமக்குப் புரியும். தங்கள் பிரதியில் இருவரின் பின்னந்தலைகளும் திரையின் விளிம்பில் வெட்டுப்பட்டு நிற்கின்றன.

அந்தக் காட்சி முடிந்ததும் இடைவேளை வர வேண்டும். ஹால் அறிந்துகொண்டதைப் பார்வையாளர்களும் அறிந்துகொண்ட நிலையில், அடுத்து என்ன நடக்குமோ என்ற பதைப்போடு அவர்களைக் காத்திருக்க வைப்பதற்காகவே இயக்குநர் அந்த இடத்தைத் தேர்ந்தெடுத்திருக்கிறார் என்பது என் கருத்து. தாங்கள் அந்த இடைவெளியை நீக்கிவிட்டு அடுத்த காட்சிக்குத் தாவிவிட்டீர்கள். படத்தின் தொடக்கத்தில் இருண்ட திரையில் சில நிமிடங்கள் ஒலிக்கும், இசையமைப்பாளர் லிகெட்டியின் இசையும் இல்லை. இது குறித்து நான் முன்னரே கேட்டபோது, வெற்றுத் திரை தொழில்நுட்பக் கோளாறு என்று கருதப்பட்டு அகற்றப்பட்டதாகத் தங்கள் பிரதிநிதி பதிலளித்தார். அந்த விளக்கத்தைப் படித்துச் சிரிப்பதா, வருந்துவதா என்று தெரியவில்லை. இறுதியிலும், பெயர்ப்பட்டியல் முடிந்த பின் தொடர வேண்டிய ‘புளூ டான்யூப்’ இசையை இடைமறித்து, வேறொரு படத்தின் முன்னோட்டம் தானாகவே ஓடத் தொடங்குகிறது.

படம் வெளியான வேளையில், முதல் காட்சிக்குப் பிறகு ஏறத்தாழ 19 நிமிடங்களைக் குப்ரிக்கே குறைத்தார். வெட்ட வேண்டியதை அவரே வெட்டிவிட்ட பிறகு, எஞ்சியதில் கைவைக்கும் உரிமை விற்பனையாளருக்கு எங்கிருந்து வருகிறது?

சிறுவயதில் இப்படத்தை முதன்முதலில் பார்த்தபோது எனக்குக் கதை அறவே புரியவில்லை. ஆனால், கலத்துக்கு வெளியே மிதக்கும் வீரரின் மூச்சொலி மட்டுமே கேட்டுக்கொண்டிருந்து, அதுவும் சட்டென்று நின்றுபோன கணத்தில் ஏற்பட்ட திகில் இன்றளவும் என்னை விட்டு நீங்கவில்லை. விண்வெளியில் ஒலி பரவ ஊடகம் இல்லை என்பதைப் பாடப்புத்தகத்துக்கு முன்பே எனக்குக் கற்பித்தது அந்த அமைதிதான். வெடிச்சத்தமும் உறுமலும் நிறைந்த எத்தனையோ விண்வெளிப் படங்களைப் பிற்காலத்தில் பார்த்திருந்தாலும், எவையும் இதன் அருகில் வரவில்லை. எனவேதான் தாங்கள் வெற்றிடம் என்று கருதி நீக்கிய ஒவ்வொரு நொடியும் எனக்கு இழப்பாகத் தெரிகிறது.

முழுமையான வடிவம் கிடைக்கவில்லை என்று காரணம் கூறவும் இயலாது. படத்தின் 50ஆம் ஆண்டையொட்டி, அசல் நெகட்டிவிலிருந்து தயாரான அச்சு மூலங்களைக் கொண்டு உருவாக்கப்பட்ட புதிய 70 மி.மீ. பிரதி, 2018இல் கான் திரைப்பட விழாவில் இயக்குநர் கிறிஸ்டோபர் நோலனின் அறிமுகத்துடன் திரையிடப்பட்டது.

ஆகவே, 2.20:1 விகிதத்தில், தொடக்க இசையும் இடைவேளையும் இறுதி இசையும் அடங்கிய பிரதியை 15 நாட்களுக்குள் என் கணக்கில் சேர்க்குமாறு கேட்டுக்கொள்கிறேன். அது இயலாதெனில் நான் செலுத்திய தொகையை முழுமையாகத் திருப்பித் தர வேண்டும். எவ்வாறாயினும், விற்பனைப் பக்கத்திலுள்ள ‘அசல்’ என்ற சொல்லை உடனடியாக அகற்றிவிட்டு, திரைக்கேற்ப மாற்றப்பட்ட பிரதி என்பதை வாங்குவோர் அறியும்படி தெளிவாகக் குறிப்பிட வேண்டும். குறைகள் தெரியும் திரைப்பதிவுகளையும் வாங்கியதற்கான ரசீதையும் இத்துடன் இணைத்துள்ளேன்.

இப்படிக்கு,
தங்கள் சந்தாதாரர்