சுவாரஸ்: கை வேறு, பல் வேறு

ஆசிரியருக்கு,

உருகுவே கால்பந்து வீரர் லூயிஸ் சுவாரஸ் என்றாலே 2010 உலகக் கோப்பையில் கானாவின் கோலைக் கையால் தடுத்ததைத்தான் முதலில் இழுக்கிறார்கள். அதற்குச் சிவப்பு அட்டை வாங்கினார், பெனால்டியும் கொடுத்தார்கள். கானா வீரர் கியான் அடித்த அந்தப் பெனால்டி மேல் கம்பத்தில் பட்டுப் போனதற்கு இவர் என்ன செய்வார்? அந்தக் கணக்கு அங்கேயே தீர்ந்தது. பக்கால், இவானோவிச், கியெல்லினி என எதிரணி வீரர்கள் மூன்று பேரைக் கடித்ததுதான் தீராதது. இன்னொரு எதிரணி வீரர் எவ்ராவை நிறவெறியோடு ஏசியதற்கு எட்டு ஆட்டத் தடை வேறு.

இத்தனைக்கும் 2013-14 இங்கிலாந்து பிரீமியர் லீக்கில், இவானோவிச்சைக் கடித்ததற்கான தடையால் முதல் ஐந்து ஆட்டங்களை இழந்தும், ஒரு பெனால்டிகூட இல்லாமல் 31 கோல்! அசுர ஆட்டம், மறுப்பதற்கில்லை. ஆனால் அமெரிக்க, மெக்சிகோ கிளப்புகள் மோதும் லீக்ஸ் கோப்பையின் 2025 இறுதியில் எதிரணி ஊழியர்மீது துப்பினாரே, அதையும் 'ஆட்ட வேகம்' என்று பூசி மெழுக வேண்டாம். அப்போது அவருக்கு வயது 38.

இப்படிக்கு,
ஒரு கால்பந்து ரசிகர்