வெறும் நோட்டில் கையெழுத்து

அன்புள்ள மாப்ள,

பொங்கலுக்கு அப்புறம் உனக்கு ஒரு வரிகூட எழுதவில்லை. நீ கோபித்துக்கொண்டது நியாயம்தான். இங்கே எல்லோரும் சௌக்கியம், மஞ்சள் நன்றாக வந்திருக்கிறது. சரி, விஷயத்துக்கு வருகிறேன்.

பாப்பாவுக்குப் 18 முடிந்தது. வாக்காளர் பட்டியலில் சேர படிவம் 6 வாங்கி வந்து கொடுத்தேன். "ஓட்டுப் போட்டு என்னாகப் போகுதுங்கப்பா?" என்றாள். 1996 சட்டமன்றத் தேர்தலில் மொடக்குறிச்சியில் நாம் போட்ட முதல் ஓட்டைச் சொன்னேன். விவசாயிகளின் குறையைக் கேட்க ஆளில்லை என்று 1033 பேர் வேட்பாளராக நின்றது, அதில் உங்கய்யனும் ஒருத்தர், ஓட்டுச்சீட்டே புத்தகமாக வந்தது என்று பெருமையாகத்தான் சொன்னேன். அந்த வருஷமே சட்டமன்றத் தேர்தலில் நிற்பவர் கட்டும் டெபாசிட்டை 250 ரூபாயிலிருந்து 5000 ஆக்கினார்கள் என்பதையும் மறைக்கவில்லை. எல்லாம் கேட்டுவிட்டு, "அதுக்கப்புறம் என்ன பண்ணுனீங்க?" என்றாள். என்னிடம் பதில் இல்லை, மாப்ள. பஞ்சாயத்துச் சட்டம் வந்தது 1994-இல். கிராம சபையில் கணக்குக் கேட்கும் உரிமை அன்றிலிருந்து நம் கையில் இருக்கிறது. ஒருநாள் போயிருப்போமா?

அக்டோபர் 2 அன்று போனேன். போனதும் நோட்டை நீட்டினார்கள். தீர்மானம் எழுத வேண்டிய பக்கம் வெறுமையாக இருந்தது. நூறு நாள் வேலைக்குப் போகும் பெண்கள் கையெழுத்தும் கைநாட்டும் வைத்துவிட்டுக் கிளம்பிக்கொண்டிருந்தார்கள். "எழுதி வாசிங்க, அப்புறம் போடறேன்" என்றேன். "உங்களுக்கு மட்டும் என்னங்க?" என்று முகம் சுளித்தார்கள். தண்ணீர்த் தொட்டி மோட்டாருக்கு ஆன செலவைக் கேட்டேன். அடுத்த தடவை பார்க்கலாம் என்றார்கள். குரல் நடுங்கிவிட்டது எனக்கு. அப்போது வாசல் வரை போன ஒரு ஆத்தா திரும்பி வந்து, "எங்க வீதிக்குப் பத்து நாளைக்கு ஒருக்காதான் தண்ணி வருது, அதையும் எழுதச் சொல்லு சாமி" என்றார். அவருக்குப் பின்னால் இன்னும் நாலு பேர் வந்து உட்கார்ந்தார்கள். எழுதவும் வைத்தோம், வாசிக்கவும் வைத்தோம்.

அன்று ராத்திரி பாப்பா படிவத்தை எடுத்து நிரப்பினாள்.

நவம்பர் 1, உள்ளாட்சி நாள், மறுபடியும் சபை இருக்கிறது. மோட்டார்க் கணக்கை அன்று வைப்பதாக நோட்டில் எழுதியிருக்கிறார்கள். நம் ஊர்ப் பட்டியலில் பெயர் உள்ள எல்லோரும் சபையின் உறுப்பினர்கள். உன் பெயரும் அதில் இருக்கிறது, பார்த்துவிட்டேன். திருப்பூரிலிருந்து எத்தனை தூரம்? முந்தின நாள் சாயங்காலமே வந்துவிடு, ராத்திரிக்கு நம் வீட்டில் சாப்பாடு.

உன்,
பங்காளி