முகத்தில் வந்த அக்கி

லெஸ்டர், இங்கிலாந்து

அன்புள்ள அம்மாவுக்கு,

போனில் சொன்னால் பாதியிலேயே அழ ஆரம்பித்துவிடுகிறாய், அதனால்தான் எழுதுகிறேன். எனக்கு வந்தது அக்கிதான். பொருக்கெல்லாம் உதிர்ந்துவிட்டது.

முதலில் பல்வலி மாதிரிதான் இருந்தது. இடது மேல்தாடை முழுக்க விண்விண்ணென்று தெறித்தது. பல் டாக்டர் ஒவ்வொரு பல்லாகத் தட்டிப் பார்த்து எக்ஸ்ரேயும் எடுத்தார். சொத்தை எதுவும் இல்லை. அப்புறம்தான் அண்ணத்தில் கொப்புளம் கிளம்பியது. எல்லாம் இடப்பக்கம் மட்டும், நட்டநடுவில் கோடு கிழித்தாற்போல் நின்றுவிட்டது. பிறகு கன்னம், மேலுதடு. சின்ன வயதில் சின்னம்மை போட்டு என்னை வேப்பிலையில் படுக்க வைத்தாயே, அந்தக் கிருமிதான் இத்தனை வருடம் முகத்துக்கு வரும் நரம்பின் வேரில் பதுங்கியிருந்ததாம்.

இங்கே டாக்டருக்குக் காசு கிடையாது, ஆனால் லேசில் பார்க்க முடியாது. முகத்தில் அக்கி என்றதும் அன்றைக்கே வரச் சொன்னார்கள். டாக்டரம்மா முதலில் பார்த்தது என் மூக்கு நுனியை. அங்கே கொப்புளம் இருந்தால் கண்ணையும் தாக்கலாம், பார்வைக்கே ஆபத்தாம். காது வலிக்கிறதா, வாய் கோணுகிறதா என்றும் கேட்டார். அசைக்ளோவிர் 800 மில்லிகிராம், நாளுக்கு ஐந்து வேளை, ஏழு நாள். கொப்புளம் கண்ட 72 மணி நேரத்துக்குள் தொடங்கிவிட வேண்டுமாம். மருந்துக்கு மட்டும் 9.90 பவுண்டு.

ஆறின கஞ்சிதான் சாப்பாடு. நீ கொடுத்தனுப்பிய எலுமிச்சை ஊறுகாயை எட்டிக்கூடப் பார்க்கவில்லை. பக்கத்து அறைக்காரரின் மனைவி மாசமாக இருக்கிறார்; சின்னம்மை வராதவர்களுக்குக் கொப்புள நீர் பட்டால் சின்னம்மை வருமாம். பொருக்குத் தட்டும்வரை அறையை விட்டு வெளியே வரவில்லை.

ஊரில் இருந்தால் மண்பானை செய்யும் வேளார் வீட்டில் காவி குழைத்து அக்கி மேல் சிங்கம் எழுதியிருக்கலாம் என்றாயே. முதுகில், இடுப்பில் வந்தால் மாத்திரையும் வாங்கிக்கொண்டு எழுதிக்கொள்ளட்டும், நான் சண்டைக்கு வரவில்லை. ஆனால் முகம், வாய், கண்ணோரம் என்றால் அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போய்விட வேண்டும். கண் பக்கம் காவியைக் கொண்டே போகக்கூடாது.

கன்னத்தில் இன்னும் சில நேரம் எரிகிறது. வயதானவர்களுக்கு இந்த எரிச்சல் மாதக்கணக்கில்கூட நிற்குமாம், அதுதான் அப்பாவை நினைத்தால் பயம். ஷிங்ரிக்ஸ் என்று ஒரு தடுப்பூசி, 50 வயதுக்கு மேல் இரண்டு தவணை. நம் ஊர்ப் பக்கமும் கிடைக்கிறது, விலைதான் அதிகம். அவருக்குப் போடலாமா என்று நம் டாக்டரிடம் கேட்டு வை, பணம் நான் அனுப்புகிறேன்.

உன் அன்பு மகன்