அட்டை எழுதித் தந்த அத்தனை பேருக்கும் நன்றி

கோபி வட்டாரத்து வாசக உறவுகளுக்கு வணக்கமுங்க.

அண்மையில் படித்த புத்தகங்களை ஒருவருக்கொருவர் எடுத்துச் சொல்லும் நம் கூடுகை நல்லபடியாக நடந்தது. உதவியவர்களின் பெயரை எழுதாமல், அவர்கள் செய்த வேலையைச் சொல்லி நன்றி கூறுகிறோம்.

முதல் நன்றி, அஞ்சலட்டை அளவில் பரிந்துரை எழுதித் தந்தவர்களுக்கு. மேலே நூல், ஆசிரியர், பதிப்பகம், பதிப்பு ஆண்டு, விலை. அடுத்து, புத்தகம் எதைப் பற்றியது என்று மூன்று வரி. கடைசியில், யாருக்குப் பிடிக்கும், யாருக்குச் சிரமமாக இருக்கும் என்று இரண்டு வரி. அந்தக் கடைசி இரண்டு வரிதான் அட்டைக்கு உயிர். "அருமை, அவசியம் படிங்க" என்பதை எந்தப் புத்தகத்துக்கும் எழுதிவிடலாம். அதை நம்பி யாரும் கையில் எடுப்பதில்லை.

ஆர். சண்முகசுந்தரத்தின் 'நாகம்மாள்' (1942) நாவலுக்கு எழுதிய அக்காவுக்குத் தனி நன்றி. கணவனை இழந்தவள் நிலத்தைப் பாகம் பிரிக்கச் சொல்கிறாள் என்ற இடத்தோடு நிறுத்திக்கொண்டார். முடிவைப் பற்றி மூச்சே விடவில்லை. சிறிய நாவல், முதன்முதலாக நாவல் படிப்பவருக்கும் ஏற்றது என்று சேர்த்திருந்தார். வெளியூரிலிருந்து வந்து இங்கே குடியேறியவர்களுக்கு அதன் பேச்சுவழக்கு தடையாகலாம். அவர்கள் பெருமாள்முருகன் தொகுத்த 'கொங்கு வட்டாரச் சொல்லகராதி'யைப் பக்கத்தில் வைத்துக்கொள்ளலாம் என்று அதே அட்டையின் பின்புறம் எழுதிய வாத்தியாருக்கும் நன்றிங்க.

ச. பாலமுருகனின் 'சோளகர் தொட்டி'க்கு வந்த அட்டை எங்களை நிமிர்ந்து உட்கார வைத்தது. சத்தியமங்கலம் மலைக்காட்டுச் சோளகர் பழங்குடியினர் வீரப்பன் தேடுதல் வேட்டைக் காலத்தில் பட்ட பாட்டைச் சொல்லும் நாவல் அது. "பிற்பகுதியில் சித்திரவதைக் காட்சிகள் கடுமையானவை, சின்னப் பிள்ளைகள் கையில் கொடுக்க வேண்டாம்" என்று அந்தத் தம்பி எழுதியிருந்தார். எச்சரிக்கையைப் பார்த்து யாரும் விலகவில்லை. மனதைத் தயார்படுத்திக்கொண்டு வாங்கிப் போனார்கள்.

எழுதியவற்றைச் சரிபார்த்த இருவரை மறக்க முடியாது. மொழிபெயர்ப்பு நூல்களில் மொழிபெயர்த்தவர் பெயர் விடுபட்ட இடமெல்லாம் சேர்த்தார்கள். ஒரே நூலுக்கு இரண்டு மூன்று தமிழாக்கங்கள் இருந்தால், பெயரில்லாத அட்டையை வைத்துக்கொண்டு கடையில் எதைக் கேட்பது? பக்க எண் குறித்த இடங்களில் அத்தியாய எண்ணாக மாற்றினார்கள். பதிப்பு மாறினால் பக்கம் மாறிவிடும். கடைகளில் கிடைக்காத நூல்களுக்கு 'அச்சில் இல்லை' என்று சிவப்பு மையில் குறித்தார்கள். ஈரோடு புத்தகத் திருவிழாவுக்குப் பட்டியலோடு போகிறவர்களுக்கு அரங்கு அரங்காக அலையும் வேலை மிச்சம்.

இரவல் நோட்டைப் பார்த்துக்கொண்ட நூலகர் அம்மாவுக்கு நன்றி. பெயர், எடுத்த தேதி, திருப்பும் தேதி, இதற்கு மேல் நோட்டில் எதுவும் இல்லை. ஒரே படிக்கு ஐந்தாறு பேர் கேட்டபோது, வரிசைப் பெயர்களை ஒரு துண்டுத்தாளில் எழுதிப் பின்னட்டைக்குள் செருகி வைத்தார். படித்து முடித்தவர் நேராக அடுத்தவர் கையில் கொடுத்துவிட்டு நூலகத்தில் ஒரு வார்த்தை சொன்னால் போதும். புத்தகம் எவர் வீட்டிலும் தூங்கவில்லை.

டீயும் தேங்காய் பன்னும் தந்த பேக்கரி அண்ணனுக்கு நன்றி. புத்தக மேசைப் பக்கம் கொண்டுவராமல் வாசலிலேயே கொடுத்தார். எண்ணெய்க் கை பட்ட தாளில் கறை போகாது என்று அவருக்கே தெரிந்திருந்தது.

எழுதாத அட்டைகள் நூலக மேசையின் இடதுபக்க இழுப்பறையில் இருக்கின்றன. வேண்டியதை எடுத்துக்கொள்ளுங்க. கட்டுரை நூல்களுக்கும் வேளாண்மை நூல்களுக்கும் இதுவரை அட்டைகள் குறைவாகவே வந்திருக்கின்றன.

அன்புடன்,
வாசகர் வட்டத்தார்