பத்தடிக்கு ஒன்பது படி

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். போன வாரம் அல்சூரில் உள்ள என் ஆர்க்கிடெக்ட் ஆபீஸுக்கு ஒரு தம்பதி வந்தார்கள். 30-க்கு 40 சைட். டிசைன் தயார் என்று கணவர் கைப்பேசியை நீட்டினார். செயற்கை நுண்ணறிவுச் செயலி போட்டுத் தந்த வீடு. அழகுக்குக் குறையில்லை. மேற்குப் பக்கம் முழுக்கக் கண்ணாடி, ஹாலில் அந்தரத்தில் தொங்கும் மாடிப்படி. "கையெழுத்துக்கு மட்டும் எவ்வளவு சார்?" என்றார்.

படத்தைப் பெரிதாக்கிப் படிகளை எண்ணினேன். ஒன்பது. தளத்துக்குத் தளம் பத்தடி என்றால், ஒரு படி பதின்மூன்று அங்குலத்துக்கு மேல். நம் மேஸ்திரிகள் ஏழு அங்குலத்தைத் தாண்டத் தயங்குவார்கள். பூஜை அறை வேறு மாடியில். அம்மாவுக்கு முட்டிவலி என்று சற்று முன் அவரேதான் சொன்னார். மனைவி சிரித்துவிட்டார். கணவர் சிரிக்கவில்லை.

சம்ப், அதாவது நிலத்தடித் தண்ணீர்த் தொட்டி எங்கே, மொட்டைமாடித் தண்ணீர் எந்தக் குழாயில் இறங்கும்? படத்துக்கு அந்தக் கவலை கிடையாது. பெங்களூரில் ஆண்டுக்குச் சுமார் 970 மி.மீ. மழை. அந்த 1,200 சதுர அடி மனையில் விழுவது மட்டும் ஒரு லட்சம் லிட்டரைத் தாண்டும். 2024 மார்ச்சில் டேங்கருக்குத் தவம் கிடந்த ஊர் இது.

நான் கம்ப்யூட்டருக்கு எதிரியல்ல. பிளான் வரையும் ராட்ரிங் பேனாவோடு தொடங்கியவன்; டிரேசிங் தாளில் தப்பான கோட்டைப் பிளேடால் சுரண்டியே பாதி இரவுகள் போயின. கம்ப்யூட்டரில் பிளான் வரையும் ஆட்டோகேட் வந்தபோதும் தொழில் போச்சு என்றார்கள், போகவில்லை. ஆனால் ஆட்டோகேடில் படி வரைய, படிக்கணக்கு தெரிந்திருக்க வேண்டும்.

1972-ஆம் ஆண்டின் ஆர்க்கிடெக்ட்ஸ் சட்டம் காப்பது எங்கள் பட்டப்பெயரைத்தான், வேலையை அல்ல என்று 2020-இல் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. அதில் எனக்கு வருத்தமில்லை. கிருஷ்ணகிரியிலிருந்தும் திருவண்ணாமலையிலிருந்தும் வந்த மேஸ்திரிகள் இங்கே எத்தனையோ நல்ல வீடு கட்டியிருக்கிறார்கள். என் கவலை வேறு. முதலில் படம், கடைசியில் கையெழுத்து. நடுவே வெயிலில் சைட்டில் நிற்பதற்குக் காசு தர ஆளில்லை. காசில்லாத வேலையை யார் கற்றுக்கொள்வார்கள்? என்னிடம் பயிற்சிக்கு வந்த பெண் ரெவிட் என்ற டிசைன் மென்பொருளில் புலி. ஸ்லாப் கம்பிக்கு அடியில் வைக்கும் கவர் பிளாக்கை என் சைட்டில்தான் முதன்முதலாகக் கையில் எடுத்துப் பார்த்தாள். நாலாம் வருஷம் முடித்தவள்.

அந்தத் தம்பதியிடம் முழு வேலைக்கான கட்டணத்தைச் சொன்னேன். யோசித்துச் சொல்வதாகப் போனார்கள், இன்னும் யோசிக்கிறார்கள்.

தங்கள் இதழின் வீடு, மனைப் பக்கத்தில் முகப்புப் படங்கள் வண்ணத்தில் வருகின்றன. கூடவே அந்த வீட்டின் பிளானையும், மாடிப்படியை வெட்டிக் காட்டும் செக்‌ஷனையும் போடுங்கள். கறுப்பு வெள்ளையில், கால் பக்கம் போதும்.

இப்படிக்கு,
ஒரு கட்டடக் கலைஞர்,
அல்சூர், பெங்களூரு