ஆடும் குழாயை நாமே இறுக்கலாம்

ஆசிரியர் அவர்களுக்கு,

எங்கள் அடுப்படிச் சிங்க் குழாய் மூன்று மாதமாக ஆடிக்கொண்டிருந்தது. அடிப்பாகத்தால் தண்ணீர் இறங்கி கீழ்ப்பலகை ஊறிவிட்டது. ஹட்டன் மழைக்கு அது காயவே இல்லை. வருவதாகச் சொன்ன குழாய் திருத்தும் பாஸ் வரவில்லை. சரி என்று வால்வை மூடிவிட்டு, டோர்ச்சுடன் சிங்க்குக்கு அடியில் மல்லாந்து படுத்துப் பார்த்தேன். குழாயைப் பிடித்திருக்கும் நட் தளர்ந்திருந்தது, அவ்வளவுதான்! மகள் மேலே குழாயை நேராகப் பிடித்துக்கொள்ள, நான் கீழிருந்து ஸ்பெனரால் வலப்பக்கமாகத் திருகினேன். அசைவு நின்றதும் நிறுத்திவிட வேண்டும். அளவுக்கு மீறி இறுக்கினால் மெல்லிய தகடு வளைந்துவிடும்.

தேயிலைத் தோட்டத் தொழிலாளர்களின் லயத்து வீடுகளிலும் இப்போது குழாய்கள் வந்துவிட்டன. இத்தகைய சின்னப் பழுதுகளைப் படத்துடன் விளக்கி ஞாயிறு இதழில் வெளியிடுங்கள். என் மகளே வெட்டி ஒட்டி வைப்பாள்.

இல்லத்தரசி ஒருவர்,
ஹட்டன்