திரைப்படச் சங்கச் செயலாளர் ஆண்டறிக்கை, 2024–25

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களே, செயற்குழு நண்பர்களே, பொதுக்குழுவுக்கு வந்திருக்கும் உறுப்பினர்களே, அனைவருக்கும் வணக்கம்.

எந்த மாதம் என்ன படம் திரையிட்டோம் என்ற பட்டியலை வாசலில் ஒட்டியிருக்கிறோம். அதை இங்கே வாசித்து உங்கள் நேரத்தை எடுத்துக்கொள்ளப் போவதில்லை. படம் பார்க்கிற சங்கமாகவே இருந்த நாம் இந்த ஆண்டு ஒரு குறும்படத்தை எடுத்து முடித்திருக்கிறோம். கையில் பணம் குறைவாக இருக்கும்போது ஒரு இயக்குநர் எதைச் செய்ய வேண்டும், எதை விட வேண்டும் என்பதுதான் ஆண்டு முழுக்க நம் பேச்சாக இருந்தது. அறிக்கையும் பெரும்பாலும் அதைப் பற்றியே.

சென்ற பொதுக்குழு முடிவின்படி ஆண்டின் முற்பாதியில் குறைந்த செலவில் உருவான படங்களை மட்டும் திரையிட்டோம். கதை, நடிப்பு என்று பேசுவதைக் குறைத்துக்கொண்டு, ஒவ்வொரு காட்சியையும் எப்படி எடுத்திருப்பார்கள் என்று பேசினோம். அதிகம் விவாதித்தது கிறிஸ்டோபர் நோலனின் முதல் படமான 'ஃபாலோயிங்' பற்றி. 1998-இல் வந்த அந்தப் படத்துக்கு ஆன செலவு சுமார் 6000 டாலர் என்கிறார்கள். நடித்தவர்களும் கேமராவுக்குப் பின்னால் வேலை செய்தவர்களும் வாரநாட்களில் வேறு வேலைக்குப் போனவர்கள். அதனால் கிட்டத்தட்ட ஓராண்டு, சனிக்கிழமைகளில் மட்டும் படப்பிடிப்பு நடந்தது. 16 எம்.எம். கறுப்பு வெள்ளை ஃபிலிம், ஜன்னல் வழியாக வருகிற வெளிச்சம், தெரிந்தவர்கள் வீடு. ஃபிலிம் சுருள் வாங்கக் காசு போதாது என்பதால் ஒரு காட்சியை ஒன்றிரண்டு டேக்கில், அதாவது ஒன்றிரண்டு முறை எடுப்பதிலேயே, முடித்தாக வேண்டும். அதற்காக நாடகத்துக்கு ஒத்திகை பார்ப்பதுபோல முழுக்காட்சியையும் முன்பே பலமுறை ஒத்திகை பார்த்திருக்கிறார்கள்.

அன்றைய விவாதத்தில் ஓர் இளைஞர் நல்ல கேள்வி கேட்டார். இப்போதுதான் ஃபிலிம் செலவே இல்லையே, மெமரி கார்டில் எத்தனை டேக் வேண்டுமானாலும் எடுக்கலாமே, அப்புறம் ஒத்திகை எதற்கு? கார்டில் இடம் இருக்கும் என்பது சரிதான். ஆனால் டேக் கூடக் கூட நடிப்பவரின் முகத்தில் களைப்பு வந்துவிடுகிறது. கடையைக் கொடுத்தவர் வியாபாரத்துக்குத் திறக்க வேண்டும் என்கிறார். ஜன்னல் வெயில் சுவரிலிருந்து தரைக்கு இறங்கிவிடுகிறது. சின்ன பட்ஜெட்டில் முதலில் தீர்ந்துபோவது அடுத்தவர்கள் நமக்குத் தந்த நேரம். அதை வீணாக்காமல் இருக்க வேண்டுமென்றால், இயக்குநர் எடுக்க வேண்டிய முடிவுகளில் பெரும்பாலானவை படப்பிடிப்புக்கு முன்பே எடுக்கப்பட்டிருக்க வேண்டும். எனக்கு இதில் சந்தேகமே இல்லை.

சத்யஜித் ராயின் 'பதேர் பாஞ்சாலி'யை நம்மில் பலர் முன்பே பார்த்திருந்தாலும், இம்முறை பணம் இல்லாமல் ஒரு படம் எப்படி நகர்ந்தது என்ற கண்ணோடு பார்த்தோம். 1952-இல் தொடங்கிய படப்பிடிப்பு, பணம் தீர்ந்து நின்று, திரும்பத் தொடங்கி, 1955-இல்தான் படம் வெளிவந்தது. ராய் அப்போது விளம்பர நிறுவனத்தில் வேலை பார்த்துக்கொண்டிருந்தார். ஒளிப்பதிவாளர் சுப்ரதா மித்ரா அதற்கு முன் சினிமா கேமராவைக் கையாண்டதே இல்லை. கடைசியில் மேற்கு வங்க அரசு கொடுத்த பணத்தில் படம் முடிந்தது. அக்காவும் தம்பியும் ரயில் பார்க்கப் போகிற நாணல் காட்டுக் காட்சியைப் பாதி எடுத்துவிட்டு, மறுவாரம் போனால் மாடுகள் பூவை மேய்ந்து முடித்திருந்தனவாம். மீதியை எடுக்க நாணல் மறுபடியும் பூக்கும்வரை காத்திருந்தார்கள். உதிரக்கூடியது, மேயக்கூடியது, வாடகைக்கு விடப்படக்கூடியது எதுவாக இருந்தாலும் போன அன்றே முழுக்க எடுத்துவிட வேண்டும் என்று நம் படத்தின் இயக்குநர் அன்றைக்குத் தன் நோட்டில் எழுதிக்கொண்டார். அது பிறகு உதவியது.

அப்புறம் நம் ஊர்ப் படம். பி.எஸ். வினோத்ராஜின் 'கூழாங்கல்' 2021-இல் ரோட்டர்டாம் திரைப்பட விழாவில் டைகர் விருது பெற்றது. அதை எடுத்த அரிட்டாபட்டிக்கு மதுரையிலிருந்து மேலூர்ப் பக்கமாகப் போனால் சீக்கிரமே போய்விடலாம். குடிகாரத் தந்தையும் பள்ளிக்கூடத்துப் பையனும் பொட்டல் வெயிலில் நடக்கிறார்கள். படத்தின் பெரும்பகுதி அவ்வளவுதான். தன் சகோதரி கைக்குழந்தையோடு நடந்தே வீடு திரும்ப நேர்ந்த அனுபவத்திலிருந்து இந்தக் கதை பிறந்ததாக இயக்குநரே சொல்லியிருக்கிறார். அந்த வெயிலை எந்தச் செட்டிலும் போட முடியாது. அந்தப் பாறைக்கும் புழுதிக்கும் வாடகை கிடையாது. அந்த இடத்தின் குணம் அறிந்த ஒருவர், அது எந்த நேரத்தில் எப்படி இருக்கும் என்று தெரிந்து போய் நிற்கிறார். பெரிய கம்பெனிகள் பணம் கொடுத்தும் வாங்க முடியாத ஒன்று இது. வெளிநாட்டுப் படங்களைப் பார்த்து அதேபோல ஃபிரேம் வைக்கத் துடிக்கும் நம் இளைய உறுப்பினர்கள் இந்தப் படத்தை இன்னொரு தடவை பார்க்க வேண்டும் என்று அன்போடு கேட்டுக்கொள்கிறேன்.

இனி நம் குறும்படம்.

உறுப்பினர்கள் கொடுத்த கதைகளைத் தேர்வுக்குழு படித்தது. ஒவ்வொரு கதைக்கும் முதல் கேள்வி ஒன்றுதான்: இந்தக் கதை நடக்கிற இடம் நம் யாருக்காவது கைவசம் இருக்கிறதா? இரவு நெடுஞ்சாலையில் நடக்கும் ஒரு கதை மிக நன்றாக இருந்தது. அதற்கு விளக்கு, ஜெனரேட்டர், போலீஸ் அனுமதி எல்லாம் தேவைப்படும் என்பதால் எடுக்கவில்லை. எழுதியவர் அதைப் பத்திரமாக வைத்திருக்க வேண்டும். தேர்வானது ஒரு தையல்கடையில் நடக்கும் கதை. இறந்துபோன தன் அம்மாவின் ஜாக்கெட்டுகளைத் தன் அளவுக்குப் பிடித்துத் தரச்சொல்லி ஒரு பெண் கொண்டுவருகிறாள். அவற்றையெல்லாம் தைத்ததே அந்தக் கடைக்கார அம்மாதான். இரண்டே பாத்திரங்கள், ஒரே அறை, ஒரு பகல். நம் உறுப்பினர் ஒருவரின் அத்தைக்கு அப்படி ஒரு கடை இருந்தது.

ஒத்திகையைச் சங்க அறையில் வைக்கலாம் என்று முதலில் ஒரு யோசனை இருந்தது. இயக்குநர் ஒத்துக்கொள்ளவில்லை. கடைக்கு விடுமுறையான ஞாயிற்றுக்கிழமைகளில் அங்கேயேதான் வைக்க வேண்டும் என்றார். அது எவ்வளவு சரியான முடிவு என்று போகப்போகத் தெரிந்தது. தையல்காரராக நடித்தவர் மிஷினை மிதிக்கக் கற்றுக்கொண்டார். டேப்பைக் கழுத்தில் போட்டுக்கொள்வதும் சாக்கால் கோடு போடுவதும் யோசிக்காமல் கைக்கு வந்தன. மிஷின் சத்தத்தில் வசனம் கேட்காது என்ற பெரிய கவலையும் ஒத்திகையில்தான் தீர்ந்தது. கதையில் வரும் கடைக்கார அம்மா யார் பேசினாலும் மிதித்துக்கொண்டேதான் இருப்பார். அந்தப் பெண் தன் அம்மாவின் கடைசி நாட்களைப் பற்றிச் சொல்லும்போது மட்டும் கால் நிற்கும். இந்த யோசனையைச் சொன்னது நடித்தவரே. இயக்குநர் அதை உடனே ஏற்றுக்கொண்டு, அதற்கேற்ப முழுக்காட்சியையும் மாற்றி எழுதினார். ஒலிப்பதிவுக்கு இருந்த தடங்கல் நடிப்பாக மாறிப்போனது. இந்தப் படத்தில் எனக்கு மிகப் பிடித்த இடம் அதுதான்.

லொக்கேஷன் பார்க்கப் போகிறவர்கள் எல்லோரும் செல்போனில் படம்தான் எடுத்து வருகிறார்கள். கண்ணை மூடி உட்கார்ந்து என்ன கேட்கிறது என்றும் பார்க்க வேண்டும். நம் கடைக்கு இரண்டு வீடு தள்ளி அம்மன் கோயில். ஆடியில் போயிருந்தால் குழாய் ஸ்பீக்கரைத் தாண்டி ஒரு வசனமும் பதிவாகியிருக்காது. ஆடி முடிந்தபிறகே தேதி குறித்தோம். மேலே ஓடுகிற மின்விசிறியை நிறுத்தினோம். பக்கத்துக் கடை ஃபிரிட்ஜை எடுக்கும்போது மட்டும் அணைக்கச் சொல்லிக் கேட்டுக்கொண்டோம். ஒவ்வொரு காட்சி முடிந்ததும் எல்லோரும் அசையாமல் நிற்க, அறையின் வெறும் சத்தத்தைக் கொஞ்ச நேரம் தனியாகப் பதிவு செய்தோம். எடிட்டிங்கில் இரண்டு டேக்குகளை ஒட்டும் இடத்தில் அந்தச் சத்தம் இல்லையென்றால் காதுக்கு ஓட்டை விழுந்தது தெரியும். பஸ் ஹாரனில் கெட்டுப்போன வசனங்களை அப்போதே, அதே அறையில், கேமரா இல்லாமல் மறுபடி சொல்லவைத்து எடுத்துக்கொண்டோம். அமெரிக்க இயக்குநர் ராபர்ட் ரோட்ரிகஸ் 1992-இல் வந்த 'எல் மரியாச்சி'யை இந்த முறையில்தான் எடுத்தார். சத்தம் போடும் கேமராவில் காட்சியை எடுத்துவிட்டு, உடனே நடிகர்களை வசனத்தைத் திரும்பச் சொல்லவைத்துத் தனியாகப் பதிவு செய்தார். உதடும் குரலும் பொருந்தாத இடங்களில் வேறு ஷாட்டுக்கு வெட்டினார்.

கடையில் ஒரு ரேடியோ பாடுவதாகக் கதையில் இருந்தது. சினிமாப் பாட்டுக்கு உரிமை வாங்க நம்மால் முடியாது. வாங்காமல் போட்டால் எந்த விழாவுக்கும் படத்தை அனுப்ப முடியாது. ரேடியோவையே எடுத்துவிட்டோம். செழியனின் 'டு லெட்' படத்தில் பின்னணி இசையே கிடையாது, வீட்டின் ஒலிகளே போதுமானதாக இருந்தன என்பதைப் பார்த்தபிறகு பாட்டில்லாமல் போவதில் இருந்த தயக்கமும் போய்விட்டது.

வெளிச்சத்துக்காக நாம் விளக்கு எதுவும் வாடகைக்கு எடுக்கவில்லை. கடை கிழக்கு பார்த்தது. காலையில் வாசல் வழியாக வரும் வெளிச்சத்தில் வாசல் பக்கக் காட்சிகளை எடுத்தோம். மதியத்துக்கு மேல் உள்ளே இருக்கும் மேஜைக்கு நகர்ந்தோம். 'பதேர் பாஞ்சாலி'யின் ஒளிப்பதிவாளர் மித்ரா, ராயின் அடுத்த படமான 'அபராஜிதோ'வுக்காக, செட்டின் மேலே வெள்ளைத் துணி கட்டி அதில் ஒளியைப் பட்டுத் திரும்பவைத்தார்; வெயில் நேரே விழாத முற்றத்தின் மென்மையான பகல்வெளிச்சம் அப்படி வந்தது. நம் ஒளிப்பதிவாளர் ஒரு வெள்ளை வேட்டியையும் தெர்மாகோல் பலகையையும் வைத்து அந்த வழியில் முயன்றார். முகத்தின் இருட்டுப் பக்கம் அழகாகத் திறந்தது. டியூப்லைட் எரியும் காட்சிகளில் கேமராவின் ஷட்டர் வேகத்தை 1/50 வினாடியில் வைத்தோம். நம் ஊர் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ் என்பதால், அதற்குப் பொருந்தாத வேகத்தில் வைத்தால் படம் துடிக்கும். வீட்டில் படமெடுத்துப் பழகும் உறுப்பினர்கள் இதைக் குறித்துக்கொள்ளலாம்.

கேமராவை ஏற்றித் தள்ளும் டிராலி இல்லாததால் கேமராவை நகர்த்தாமல் ஆட்களை நகர்த்தினார் இயக்குநர். இருவரும் ஒரே ஃபிரேமில் இருக்கும் நீளமான ஷாட்டில், அந்தப் பெண் தயங்கித் தயங்கி மிஷின் பக்கம் வருவதே குளோசப்பாக ஆகிவிடுகிறது. நீள ஷாட்டில் தவறு நேர்ந்தால் வெட்டித் தப்பிக்க ஏதாவது வேண்டும். அதற்காகக் கத்தரிக்கோல், பிரிக்கப்படும் தையல், நூல்கண்டு என்று பொருள்களை நெருக்கத்தில் காட்டும் இன்சர்ட் ஷாட்டுகளை நடிகர்களை வீட்டுக்கு அனுப்பியபிறகு தனியாக எடுத்தோம். எல்லாவற்றையும் அன்றிரவே இரண்டு ஹார்ட் டிஸ்கில் ஏற்றி, இரண்டையும் இரண்டு வீட்டில் வைத்தோம்.

செலவைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். நம் பட்ஜெட்டில் பெரிய தொகை சாப்பாட்டுக்குப் போயிருப்பதைப் பார்த்துச் சிலர் கேட்டீர்கள். மதியம் சாப்பாடு தாமதமானால் அதற்கப்புறம் எடுக்கிற ஷாட்டில் யாருக்கும் மனம் இருக்காது. வெளியிலிருந்து வந்து நடித்தவருக்கும் கடைக்கார அம்மாவுக்கும் சிறு தொகையாவது முன்பே கவரில் வைத்துக் கொடுத்தோம். பெயர் டைட்டிலில் எப்படி வரும், படத்தின் உரிமை யாருக்கு என்பதையும் எழுதிக் கையெழுத்து வாங்கினோம். நட்பின் பேரில் இலவசமாக வேலை வாங்கிவிட்டு அதற்குச் சிக்கனம் என்று பெயர் வைப்பதை நான் ஏற்க மாட்டேன். பணம் இல்லாத இயக்குநர் ஒருவரை நம்பி அடுத்த படத்துக்கும் ஆட்களை வரவைப்பது, அவர் இந்தப் படத்தில் மனிதர்களை நடத்திய விதம்தான்.

எடிட்டிங், டாவின்சி ரிசால்வ் என்ற மென்பொருளின் இலவசப் பதிப்பில் நடந்தது. முதல் வடிவத்தை நம் உறுப்பினர்களுக்குக் காட்டுமுன் அந்தத் தெருவில் தைக்கிற பெண்களுக்குக் காட்டினோம். தெருவை விடியற்காலையில் காட்டும் ஆரம்ப ஷாட்டின்போது அவர்கள் தங்களுக்குள் பேசிக்கொண்டிருந்தார்கள். மிஷின் சத்தம் கேட்டதும்தான் திரும்பிப் பார்த்தார்கள். அந்த ஷாட்டுக்காக எல்லோரும் இருட்டோடு எழுந்து போயிருந்தோம். இயக்குநர் மறுநாளே அதை எடுத்துவிட்டார். அந்தத் துணிவை இங்கே பதிவு செய்ய விரும்புகிறேன்.

மற்ற விஷயங்கள் சுருக்கமாக. வழக்கமாகத் திரையிடும் அரங்கம் ஆண்டின் நடுவில் நமக்குக் கிடைக்காமல் போனது. அதிலிருந்து துணைத்தலைவர் வீட்டு மொட்டைமாடியில் திரையிட்டு வருகிறோம். மழைக்காலத்தில் மட்டும் சிரமம். வரவு செலவைப் பொருளாளர் அடுத்து வைப்பார். நூலகத்திலிருந்து எடுத்த புத்தகங்களை, முக்கியமாகத் திரைக்கதை நூல்களை, உறுப்பினர்கள் திருப்பித் தர வேண்டும்.

வரும் ஆண்டுக்குச் செயற்குழு இரண்டு தீர்மானங்களை முன்வைக்கிறது. கையிருப்பில் புதுக் கேமரா வாங்கலாம் என்று சிலர் விரும்புகிறீர்கள். கைவசம் உள்ள கேமராவே இன்னும் சில ஆண்டுகளுக்குப் போதும்; அந்தப் பணத்தில் கம்பில் மாட்டி நடிப்பவர் அருகே நீட்டும் ஒரு நல்ல பூம் மைக்கும் ரெக்கார்டரும் வாங்க வேண்டும் என்பது முதல் தீர்மானம். அடுத்த குறும்படத்தை நம் பெண் உறுப்பினர் ஒருவர் இயக்க வேண்டும், அதற்கான பணத்தை உறுப்பினர்களிடம் மட்டும் வாங்காமல் ஊரில் திரட்ட வேண்டும் என்பது இரண்டாவது. மலையாள இயக்குநர் ஜான் ஆபிரகாமும் ஒடேசா என்ற திரைப்படக் குழுவினரும் கேரளத்தில் ஊர் ஊராகப் படம் போட்டுக் காட்டி, மக்களிடம் காசு திரட்டி, 1986-இல் 'அம்ம அறியான்' எடுத்தார்கள். மொட்டைமாடித் திரையிடலை மாதம் ஒரு தெருவுக்குக் கொண்டுபோனால் நாமும் அந்த வழியில் கொஞ்சம் திரட்ட முடியும் என்று நம்புகிறேன்.

கடையைத் தந்த அம்மாவுக்கும், நடித்தவர்களுக்கும், விடுமுறையை விட்டுக்கொடுத்து உழைத்த ஒவ்வொருவருக்கும் சங்கத்தின் சார்பில் நன்றி. இந்த ஆண்டறிக்கையைப் பொதுக்குழு ஏற்று, தீர்மானங்களை விவாதத்துக்கு எடுத்துக்கொள்ளும்படி கேட்டுக்கொள்கிறேன்.

செயலாளர்